முடக்குவாதம், லூபஸ் உள்ளவர்கள் மாற்றுத்திறனாளி சான்றும் உதவித்தொகையும் பெறுவது எப்படி? செட்டிநாட்டுப் பக்கத்துக் கேள்விகளும் பதில்களும்

புதுவயலில் இ-சேவை மையம் வைத்திருக்கிறேன். அரிசி ஆலைக்காரர்கள், ஆத்தங்குடியில் டைல்ஸ் போடுகிறவர்கள், பலகாரக் கடைகளுக்கு முறுக்கு சுற்றித் தருகிற ஆச்சிமார் எனப் பலரும் யூடிஐடி என்கிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க வருகிறார்கள். போலியோ, விபத்து என்று வருகிறவர்களுக்கு அதிகக் குழப்பம் இருக்காது. முடக்குவாதம் (மூட்டுகளைக் கெடுக்கும் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்), லூபஸ் என்று வருகிறவர்கள்தான் நாலு இடத்தில் நாலு பதில் கேட்டுத் தலை சுற்றிப் போய் வருவார்கள். எங்கள் ஆத்தாவுக்கே பதினாலு வருடமாக முடக்குவாதம். அவருக்குச் சான்று வாங்க நாங்கள் பட்ட பாட்டையும், கடையில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளையும் சேர்த்து எழுதியிருக்கிறேன்.

எனக்கு லூபஸ் இருப்பது உறுதியாகிவிட்டது. அதனாலேயே நான் மாற்றுத்திறனாளி ஆகிவிடுவேனா?

ஆக மாட்டீர்கள். பாதிப் பேர் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்கும் நோய்களில், பெயரோடு அந்தப் பட்டியலில் இருப்பது மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். அரசுக் காகிதங்களில் அது தண்டுவட மரப்பு நோய் என்று வரும். முடக்குவாதம், லூபஸ், தோல் இறுகிப்போகும் ஸ்கிளிரோடெர்மா எதுவும் பெயராக அதில் இல்லை.

அதற்காக வழியே இல்லை என்று எழுந்து போய்விட வேண்டாம். சான்று கொடுப்பது நோய்க்கு அல்ல, அந்த நோய் உங்கள் உடம்பில் விட்டுவைத்த குறைக்கு. விரல் கோணி, மணிக்கட்டு இறுகி, முட்டி மடங்காமல் போயிருந்தால் அது உடல் இயக்கக் குறைபாடு. கண்ணுக்குள் அழற்சி வந்து பார்வை குறைந்திருந்தால் அது பார்வைக் குறைபாடு. காது போயிருந்தால் செவித்திறன் குறைபாடு. ஒன்றுக்கு மேல் இருந்தால் எல்லாவற்றையும் சேர்த்தே மதிப்பிடச் சொல்லிக் கேட்கலாம்.

ஆகவே விண்ணப்பத்தில் "குறைபாட்டின் வகை" என்ற இடத்தில் லூபஸைத் தேடாதீர்கள், இருக்காது. உங்களால் எது முடியவில்லையோ அந்த வகையைத் தேர்ந்தெடுங்கள். நோயின் பெயர் காரணம் என்ற இடத்தில் வந்தால் போதும்.

லூபஸால் கிட்னி போய், வாரம் இரண்டு முறை டயாலிசிஸ் செய்கிறேன். இது குறைபாடு இல்லையா?

வருத்தமான பதில்தான். சிறுநீரகச் செயலிழப்பு அந்த 21-ல் இல்லை. கை, கால், கண் எல்லாம் சரியாக இருந்து கிட்னி மட்டும் போனவருக்கு இந்தச் சட்டத்தின் கீழ் சதவீதம் கிடைப்பதில்லை. சட்டத்தில் இது ஒரு பெரிய ஓட்டை என்பது என் எண்ணம். ஆனால் காப்பீட்டு அட்டை, இஎஸ்ஐ என்கிற தொழிலாளர் காப்பீடு என்று வேறு வழிகள் உண்டு, கீழே சொல்கிறேன்.

எத்தனை சதவீதம் இருந்தால் பயன்?

40. அதற்குக் கீழே இருந்தாலும் அட்டை வரும், ஆனால் பெரும்பாலான சலுகைகள் 40-ல்தான் தொடங்குகின்றன. 2024-இல் விதிகளைத் திருத்தியபோது அட்டைக்கு நிறமும் வைத்தார்கள். 40-க்குக் கீழ் வெள்ளை, 40 முதல் 80-க்குக் கீழ் வரை மஞ்சள், 80-ம் அதற்கு மேலும் நீலம்.

கையில் 25, காலில் 20 என்று டாக்டர் சொன்னார். மொத்தம் 45 வரவேண்டும். சான்றில் 39 என்று இருக்கிறதே?

கணக்குக்குப் பேர் போன ஊரில் இந்தக் கேள்வி வராமல் இருக்குமா? வட்டிக்கு வட்டி போட்டுப் பழகிய ஐயா ஒருவர் என் கடையில் உட்கார்ந்து தாளில் போட்டுப் பார்த்துவிட்டு, "இவர்களுக்குக் கூட்டலே தெரியாதா தம்பி?" என்றார்.

அவர்களுக்குக் கூட்டத் தெரியும். நேராகக் கூட்டக் கூடாது என்பது விதி. பெரிய எண்ணை முதலில் வைத்துக்கொள்ள வேண்டும். 90-லிருந்து அதைக் கழித்து, மீதியைச் சின்ன எண்ணால் பெருக்கி, 90-ஆல் வகுத்து, வருவதைப் பெரிய எண்ணோடு சேர்க்க வேண்டும். உங்கள் விஷயத்தில் 90-ல் 25 போனால் 65. அதை 20-ஆல் பெருக்கினால் 1,300. 90-ஆல் வகுத்தால் 14.4. 25-ஓடு சேர்த்தால் 39.4. ஆக 39.

இதே கணக்கில் கை 30 என்று வந்திருந்தால் 43 ஆகியிருக்கும். ஒரு மூட்டில் விட்டுப்போகும் ஐந்து சதவீதம்தான் உதவித்தொகைக்கும் வெறும் அட்டைக்கும் நடுவில் நிற்கிறது. பரிசோதனையின்போது எல்லா மூட்டையும் காட்டிவிட்டு வாருங்கள் என்று நான் நச்சரிப்பது இதற்காகத்தான்.

எங்கள் ஊர் செட்டிநாட்டில்தான் இருக்கிறது. நான் சிவகங்கைக்குப் போகவேண்டுமா, புதுக்கோட்டைக்கா?

செட்டிநாடு என்று ஒரு மாவட்டம் கிடையாது என்பது இந்த மாதிரி நேரத்தில்தான் உறைக்கும். காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கோட்டையூர், கானாடுகாத்தான், ஆத்தங்குடி எல்லாம் சிவகங்கை மாவட்டம். ராயவரம், பொன்னமராவதிப் பக்கம் என்றால் புதுக்கோட்டை மாவட்டம். உங்கள் முகவரி எந்த மாவட்டமோ அங்குள்ள மருத்துவ அதிகாரிகளிடமோ, இந்தக் குறைக்குச் சிகிச்சை பெறும் அரசு மருத்துவமனையிலோ சான்று கேட்கலாம். சிவகங்கைக்காரர்களுக்குக் காரைக்குடி அரசு தலைமை மருத்துவமனை, சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. புதுக்கோட்டைக்காரர்களுக்கு அங்குள்ள மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. மூட்டு, கண், காது என்று ஒவ்வொன்றையும் எந்தக் கிழமை பார்க்கிறார்கள் என்று முதல் நாளே கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

ஆதார் சென்னையிலும் வீடு இங்கேயும் இருப்பவர்கள் நம் பக்கம் ஏராளம். கல்யாணம், முன்னோருக்குப் படைப்பு என்றால்தான் வீடு திறப்பார்கள். அப்படிப்பட்டவர்கள் சென்னையிலேயே விண்ணப்பிப்பது நல்லது. மகன் வீட்டை விட்டு நிரந்தரமாக ஊருக்கே வந்துவிட்ட பெரியவர்கள் முதலில் ஆதாரில் முகவரியை மாற்றுங்கள், பிறகு ரேஷன் கார்டு, அதற்கு அப்புறம்தான் இது. வரிசை மாறினால் அலைச்சல்.

விண்ணப்பிப்பது எப்படி?

ஸ்வாவலம்பன் என்ற மத்திய அரசின் இணையதளத்தில். 2021 ஜூன் 1 முதல் எல்லாச் சான்றும் இந்த வழியாகத்தான். தளத்தில் கட்டணம் எதுவும் இல்லை. கைபேசியிலேயே முடிக்கலாம், இல்லையென்றால் ஏதாவது இ-சேவை மையத்துக்குப் போங்கள். ஆதார், ஆறு மாதத்துக்குள் எடுத்த புகைப்படம், கையெழுத்து அல்லது கைநாட்டு, மருத்துவக் காகிதங்கள் இவை போதும். பதிவு எண்ணைப் பத்திரமாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

விண்ணப்பித்த மூன்று மாதத்துக்குள் சான்று தரவேண்டும் என்பது இப்போதைய விதி. நீங்கள் பரிசோதனைக்கே போகாமல் விட்டு, இரண்டு வருடம் முடிவில்லாமல் கிடந்தால் விண்ணப்பம் செயலிழந்துவிடும். மறுபடி முதலிலிருந்து போடவேண்டும்.

பெயரில் இனிஷியல் பிரச்சினை வருகிறதே?

வரும். மூன்று தலைமுறையை இனிஷியலில் தூக்கிக்கொண்டு திரிகிறவர்கள் நாம்தானே! ஆதாரில் "பழ.ராம.", பாஸ்புக்கில் "பழ." மட்டும், ரேஷன் கார்டில் அப்பாவின் முழுப்பெயர். யூடிஐடியில் ஆதாரில் உள்ளபடியே, புள்ளி, இடைவெளி உட்பட அப்படியே போடுங்கள். வங்கிக் கணக்கை ஆதாரோடு பொருத்திவிடுங்கள். சான்று வந்துவிட்டது, பணம் மட்டும் வரவில்லை என்று வருகிறவர்களில் நிறையப் பேருக்கு இதுதான் காரணமாக இருந்திருக்கிறது.

என்னென்ன மருத்துவக் காகிதங்கள் வேண்டும்?

விளக்கமாகவே சொல்கிறேன். ரத்தப் பரிசோதனைகளை மட்டும் கட்டாகக் கொண்டுபோவது நம் ஆட்களின் வழக்கம். முடக்குவாதக் காரணி, ஆன்டி சிசிபி, இஎஸ்ஆர், லூபஸ் என்றால் ஏஎன்ஏ. இவை நோய் இருக்கிறது என்று காட்டும், குறை எவ்வளவு என்று காட்டாது. ஏஎன்ஏ எவ்வளவு கூடுதலாக இருந்தாலும் அதனால் ஒரு சதவீதம்கூட ஏறாது.

குறையைக் காட்டுவது வேறு காகிதங்கள். இரண்டு கையையும் சேர்த்து எடுத்த எக்ஸ்ரே, முட்டி எக்ஸ்ரே. மூட்டு நோய் நிபுணரிடமிருந்து ஒரு சுருக்கமான கடிதம், அதில் எத்தனை வருடமாக நோய், என்னென்ன மருந்து கொடுத்தும் எந்த மூட்டு எந்த அளவு மடங்கவில்லை, இது சரியாகுமா ஆகாதா என்று இருக்கவேண்டும். இந்தக் கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள், கேட்காமல் யாரும் எழுதித் தருவதில்லை. மருந்துச் சீட்டுகளைத் தேதி வரிசையில் அடுக்குங்கள். மெத்தோட்ரெக்சேட் வாரம் ஒரு நாள் என்று எட்டு வருடமாகச் சீட்டு இருந்தால், நேற்று வந்த வலி இல்லை என்று டாக்டர் பார்த்ததுமே புரிந்துகொள்வார். கண் பாதிப்பு என்றால் கண் மருத்துவரின் பார்வை அளவு. தண்டுவட மரப்பு என்றால் எம்ஆர்ஐயும் நரம்பியல் மருத்துவரின் கடிதமும்.

மஞ்சள் பையில் திணித்துக்கொண்டு போகாதீர்கள். இருபது ரூபாய் ஃபைல் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

டாக்டர்கள் முன்னால் என்ன சொல்லவேண்டும்?

எங்கள் ஆத்தா கதையைச் சொன்னால் புரியும்.

ஆத்தா கைமுறுக்கு சுற்றுவார். பதினோரு சுற்று முறுக்கு, கல்யாணச் சீருக்குப் போவது. மாவை விரலிடுக்கில் முறுக்கிக்கொண்டே வட்டமாகச் சுற்றவேண்டும், கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் ஒரு தாளத்தில் போகவேண்டும். நோய் வந்த மூன்றாம் வருடம் ஐந்து சுற்றுக்கு வந்தார், பிறகு மூன்று. அப்புறம் மாவு பிசைந்து கொடுக்கிற வேலைக்கு மாறி, அதையும் விட்டார். காலையில் எழுந்தால் பித்தளைச் சொம்பை இரண்டு உள்ளங்கையாலும் அணைத்துத்தான் தூக்குவார். ஜாக்கெட் கொக்கியை என் மனைவி மாட்டிவிட வேண்டும். பத்து, பதினொரு மணிக்கு மேல்தான் விரல் கொஞ்சம் இளகும்.

பரிசோதனை முகாமில் எங்கள் முறை வந்தபோது மணி பன்னிரண்டரை. ஆத்தா தலை வாரி, நல்ல கண்டாங்கிச் சேலை கட்டி, பளிச்சென்று உட்கார்ந்திருந்தார். டாக்டர் வயதில் சின்னவர். "எப்படி இருக்கீங்கம்மா?" என்றார். "உங்க புண்ணியத்துல நல்லா இருக்கேன் சாமி" என்றார் ஆத்தா. கையை மடக்கச் சொன்னதும் பல்லைக் கடித்துக்கொண்டு, முடிந்ததற்கு மேலேயே மடக்கிக் காட்டினார். பெரிய மனிதர் கேட்கிறாரே, முடியாது என்று சொல்வதா என்ற எண்ணம். காலையில் எப்படி இருக்கும் என்று கேட்கவும் இல்லை, நாங்கள் சொல்லவும் இல்லை. 35 சதவீதம் என்று வந்தது.

அதிலிருந்து நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். நடிக்க வேண்டாம், மரியாதைக்காக மறைக்கவும் வேண்டாம். வலி தொடங்கும் இடத்தில் நிறுத்திவிட்டு "இதற்கு மேல் முடியவில்லை" என்று சொல்லுங்கள். "ரொம்ப வலிக்குது" என்பதைவிட "சட்டைப் பட்டன் போட முடியவில்லை, இந்தியக் கழிப்பறையில் உட்கார்ந்தால் எழ முடியவில்லை, நிலைப்படி தாண்ட ஆள் பிடிக்கவேண்டும்" என்பது டாக்டருக்கு உதவும். அவர் மதிப்பிடுவது வலியை அல்ல. மூட்டு எவ்வளவு அசைகிறது, தசைக்கு எவ்வளவு பலம், கையால் பிடித்து, எடுத்து, முடிச்சுப் போட்டு வேலை செய்ய முடிகிறதா என்பதைத்தான். காலை நேர இறுக்கத்தை நிபுணரின் கடிதத்தில் எழுதி வாங்கிவிடுங்கள், ஏனென்றால் முகாம் காலை ஐந்து மணிக்கு நடக்காது.

வளவு வீடுகளில் இருப்பவர்கள் இன்னொன்றையும் சொல்லலாம். திண்ணைப் படி, முற்றத்தைச் சுற்றிய மேடு, கட்டுக்குக் கட்டு நிலைப்படி என்று வாசலிலிருந்து அடுப்படி போவதற்குள் எத்தனை முறை கால் தூக்கவேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். எங்கள் வீடு சின்னதுதான். அதிலேயே ஒன்பது.

சதவீதம் கூட வரட்டும் என்று ஒரு வாரம் மருந்தை நிறுத்திவிட்டுப் போகலாமா?

வேண்டவே வேண்டாம். இதை யாரோ ஊர் ஊராகச் சொல்லி வைத்திருக்கிறார்கள். ஸ்டீராய்டு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகும். மற்ற மருந்துகளை நிறுத்தினால் நோய் கிளம்பும், கெட்டுப்போன மூட்டு திரும்ப வராது. மருந்து சாப்பிட்டும் எவ்வளவு குறை மிச்சம் இருக்கிறது என்பதைத்தான் அவர்கள் பார்க்கவேண்டும்.

குறைவாகப் போட்டுவிட்டார்கள். என்ன செய்வது?

மேல்முறையீடு செய்யலாம். அந்தச் சட்டத்திலேயே அதற்கு இடம் இருக்கிறது. முடிவு வந்த 90 நாளுக்குள், மாநில அரசு நியமித்த மேல்முறையீட்டு அதிகாரியிடம் எழுத்தில் கொடுக்கவேண்டும். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் யாரிடம் கொடுப்பது என்று கேட்டால் சொல்வார்கள். "எனக்கு 35 போதாது" என்று எழுதினால் பயன் இல்லை. எந்த மூட்டைப் பார்க்கவில்லை, எந்தக் காகிதத்தைச் சேர்க்கவில்லை என்று எழுதுங்கள். ஆத்தாவுக்கு மணிக்கட்டு எக்ஸ்ரேயும் புதுக் கடிதமும் வைத்துக் கொடுத்தோம். இரண்டாவது முறை 48 வந்தது. அந்த முறை பரிசோதனைக்குப் பழைய சேலையிலேயே வந்தார், நான் ஒன்றும் சொல்லவில்லை.

தற்காலிகச் சான்று என்று கொடுத்திருக்கிறார்களே?

குறை மாற வாய்ப்பு இருந்தால் காலக்கெடுவோடும், இல்லையென்றால் நிரந்தரமாகவும் கொடுப்பார்கள். ஏறி இறங்கும் நோய் என்பதால் நம்மைப் போன்றவர்களுக்குக் காலக்கெடு வைப்பது சகஜம். முடிகிற தேதிக்கு மூன்று, நாலு மாதம் முன்பே புதுப்பிக்கக் கொடுத்துவிடுங்கள். நடுவில் விட்டுப்போனால் உதவித்தொகையும் நிற்கும்.

மாதாமாதம் பணம் எவ்வளவு கிடைக்கும்?

இரண்டு வழி உண்டு, இரண்டில் ஒன்றைத்தான் பெறலாம்.

முதலாவது, மாற்றுத்திறனாளிகள் நலத்துறையின் பராமரிப்பு உதவித்தொகை, மாதம் 2,000 ரூபாய். இது எல்லோருக்கும் இல்லை. உடல் இயக்கக் குறைபாடு என்றால் 75 சதவீதமும் அதற்கு மேலும் இருக்கவேண்டும். ஆனால் தண்டுவட மரப்பு, பார்கின்சன் போன்ற நாள்பட்ட நரம்பு நோய்க்காரர்களுக்கு 40 சதவீதமே போதும். நரம்பு டாக்டரிடம் போகிறவர்களுக்கு இது தெரிவதில்லை, தெரிந்தவர்கள் சொல்லிவிடுங்கள். விண்ணப்பம் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில்.

இரண்டாவது, வருவாய்த்துறை வழியாக வரும் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம். 18 வயது ஆகி, 40 சதவீதம் இருந்து, ஆதரவு இல்லாத நிலையில் இருக்கவேண்டும். 2023-இல் இது 1,500 ரூபாயாக இருந்தது, இப்போதைய தொகையைத் தாலுகா அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். இ-சேவை வழியாகப் போடலாம். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் விசாரித்து, சமூகப் பாதுகாப்புத் திட்டத் தாசில்தார் முடிவு செய்வார்.

இருப்பது பெரிய வீடு. வருமானம் ஒன்றும் இல்லை. வீட்டைப் பார்த்துவிட்டுத் தள்ளிவிட மாட்டார்களா?

நம் பக்கத்துக்கே உரிய கேள்வி. பர்மாத் தேக்குத் தூண், இத்தாலிப் பளிங்கு, பெல்ஜியம் கண்ணாடி என்று வாசலில் நின்று பார்க்கிறவருக்கு உள்ளே ஓர் அறையில் ஓர் ஆச்சி ரேஷன் அரிசியில் காலம் தள்ளுவது தெரியாது. வீடு அவர் பெயரிலும் இருக்காது. பங்காளிகள் இருபது, முப்பது பேருக்குப் பங்கு, விற்கவும் முடியாது, வாடகைக்கு விடவும் முடியாது.

விசாரணைக்கு வருகிறவர் தானாகக் கண்டுபிடிப்பார் என்று இருக்காதீர்கள். பாகப்பத்திரம் இருந்தால் நகல் கொடுங்கள். இல்லையென்றால் எத்தனை பங்கு, உங்களுக்கு எவ்வளவு, அதிலிருந்து வருமானம் உண்டா என்று ஒரு தாளில் எழுதி, முடிந்தால் இரண்டு பங்காளிகளிடம் கையெழுத்து வாங்கி வையுங்கள். வருமானச் சான்றைத் தனியாக வாங்குங்கள். பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து மாதாமாதம் பணம் அனுப்பினால் அதை மறைக்காதீர்கள். அது வந்துகொண்டிருக்கும்போது ஆதரவற்றவர் என்று போடுவது சரியும் இல்லை.

வேலையில் இருக்கிறேன். நோய் தெரிந்தால் வேலை போய்விடுமா?

அரசு வேலை என்றால் பயப்பட வேண்டாம். பணியில் இருக்கும்போது குறைபாடு வந்தால் அரசு நிறுவனம் வேலையை விட்டு நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது என்று சட்டத்தின் 20-ஆவது பிரிவு சொல்கிறது. அந்த வேலை செய்ய முடியாவிட்டால் அதே சம்பளத்தில் வேறு வேலைக்கு மாற்றவேண்டும்.

மில், ஆலை, கடை என்று தனியார் வேலையில் இருந்து சம்பளத்தில் இஎஸ்ஐ பிடிக்கிறார்கள் என்றால் அது பெரிய துணை. சாதாரண நோய் விடுப்புக்குச் சம்பளத்தில் 70 சதவீதம், வருடத்துக்கு 91 நாள். நீண்டகால நோய்ப் பட்டியலில் இருந்தால் 80 சதவீதம், இரண்டு வருடம் வரை நீளும். தசை பலம் குறையும் மயஸ்தீனியா கிரேவிஸ், விரல்களில் ரத்த ஓட்டம் குறையும் ரேனாட்ஸ், நுரையீரல் தழும்பு நோய், நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. லூபஸால் கிட்னி போனவருக்கு மாற்றுத்திறனாளி சட்டத்தில் அடைத்த கதவு இங்கே திறக்கிறது. வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடமாவது ஆகியிருக்க வேண்டும், சந்தா நாட்களும் சரியாக இருக்கவேண்டும். கோபத்தில் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வந்து என்னிடம் கேட்காதீர்கள், கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

மருந்துச் செலவுக்கு?

குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்றால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை எடுத்துவிடுங்கள். வருடத்துக்குக் குடும்பத்துக்கு 5 லட்சம் வரை. மாதாந்திர மாத்திரைக்கு அது பயன்படாது, படுக்கையில் சேர்த்துச் செய்யும் சிகிச்சைகளுக்குத்தான். மாத்திரையை அரசு மருத்துவமனையிலேயே வாங்கிக்கொள்ளலாம். நடக்க முடியாதவர்களுக்கு மக்களைத் தேடி மருத்துவத்தில் இயன்முறைப் பயிற்சிக்கு வீட்டுக்கே வருவார்கள். உங்கள் ஊர் சுகாதாரத் தன்னார்வலரிடம் பெயரைக் கொடுத்து வையுங்கள்.

பஸ், ரயில்?

சாதாரண நகரப் பேருந்தில் இலவசம், துணைக்கு வருகிறவருக்கும் உண்டு. அரசு வெளியூர்ப் பேருந்தில் 75 சதவீதம் தள்ளுபடி. ரயிலில், துணையில்லாமல் பயணிக்க முடியாத உடல் இயக்கக் குறைபாட்டுக்காரர்களுக்குச் சலுகை உண்டு. அதற்கு ரயில்வேயின் தனிப் படிவத்தில் அரசு மருத்துவரிடம் கையெழுத்து வாங்கவேண்டும். பல்லவன் ரயிலில் சென்னைக்கு மாதாமாதம் வைத்தியத்துக்குப் போகிறவர்கள் இதற்கு ஒரு நாள் செலவழிக்கலாம்.

வருமான வரியில்?

பழைய வரி முறையில் இருந்தால் 40 சதவீதத்துக்கு 75,000, 80 சதவீதமும் அதற்கு மேலும் என்றால் 1,25,000 ரூபாய் கழிவு. நோயாளி உங்களை நம்பியிருக்கும் உறவினர் என்றாலும் உண்டு. புதிய முறையில் கிடையாது. மிச்சத்தை ஆடிட்டரிடம் கேளுங்கள்.

மகளுக்கு 24 வயது, முடக்குவாதம். சான்று வாங்கினால் கல்யாணப் பேச்சு கெட்டுவிடும் என்கிறார் ஆயா (பாட்டி).

ஆயாவின் கவலை எனக்குப் புரிகிறது. அட்டை வீட்டுப் பீரோவில் இருக்கும், ஊரில் யாரும் பட்டியல் ஒட்டுவதில்லை. ஆனால் நோயை மறைத்துச் செய்யும் கல்யாணத்தில் மாத்திரையையும் மறைத்துத்தான் சாப்பிடவேண்டியிருக்கும். மெத்தோட்ரெக்சேட் சாப்பிடும்போது கருத்தரிக்கக் கூடாது, டாக்டரைக் கேட்டு முன்கூட்டியே நிறுத்தவேண்டும். மாப்பிள்ளைக்குத் தெரியாமல் இதை எப்படிச் செய்வாள்? அரசு வேலைக்கு எழுதுகிற பெண் என்றால் 4 சதவீத ஒதுக்கீடும் இருக்கிறது, எந்தப் பதவி எந்தக் குறைபாட்டுக்கு என்று அறிவிக்கையில் பார்த்துக்கொள்ளவேண்டும். முடிவு அவளுடையது. அவளிடம் கேட்டீர்களா?

ஐயாயிரம் கொடுத்தால் 60 சதவீதம் வாங்கித் தருகிறேன் என்கிறார் ஒருவர்.

கொடுக்காதீர்கள். பொய்யாகச் சலுகை வாங்கினால் இரண்டு வருடம் வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். மாட்டுவது நீங்கள்தான், அந்த ஆள் வேறு ஊருக்குப் போய்விடுவார்.

எல்லாம் கொடுத்தாகிவிட்டது. பதிலே இல்லை.

முதலில் இணையதளத்தில் பதிவு எண்ணைப் போட்டு எந்த நிலையில் நிற்கிறது என்று பாருங்கள். மருத்துவமனையில் நிற்கிறதா, திருப்பி அனுப்பிவிட்டார்களா என்று தெரியும். திருப்பி அனுப்பியிருந்தால் காரணமும் இருக்கும், பெரும்பாலும் மங்கலான புகைப்படம் அல்லது படிக்க முடியாத ஸ்கேன். அப்படி இல்லையென்றால் 1100-க்குப் பேசிப் புகார் எண் வாங்குங்கள். திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாள். மனுவை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். மூட்டு இறுக்கம் உள்ளவர்கள் விடியற்காலை பஸ்ஸுக்கு ஓடவேண்டாம், மனு கொடுக்க வீட்டில் வேறு யாரையாவது அனுப்பினாலும் வாங்கிக்கொள்வார்கள்.